நீர் இறங்கும் வரை உட்கார்ந்திருக்க

கேள்வி: எட்டு வருடமாகப் புகைப்படம் எடுக்கிறேன். யாராவது ஒரு கோடி ரூபாயைக் கையில் கொடுத்து, "போய் இஷ்டப்படி படம் எடுத்து வாருங்கள்" என்று சொன்னால் என்ன கேமரா வாங்குவீர்கள்? எந்தெந்த நாட்டுக்குப் போவீர்கள்? எங்களைப் போன்றவர்களுக்கு வசதி இல்லை. கேமரா அலமாரியில் தூங்குகிறது.
– வாசகர், சத்தியமங்கலம்

பதில்: கேமரா வாங்க மாட்டேன். என்னிடம் இருக்கிற பாடி பத்து வருடப் பழசு, கூடவே இரண்டு லென்ஸ், ஒரு கால் ஆடுகிற டிரைபாட். டிரைபாடை மட்டும் மாற்றுவேன். மிச்சப் பணம் வீட்டு வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் பரிசலுக்கும் போகும். ஒரே இடத்தில் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. ஏன் என்று சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கோடையில், மேட்டூர் அணை நன்றாக இறங்கிவிட்டது என்று கேள்விப்பட்டு, அதன் நீர்த்தேக்கக் கரையில் இருக்கும் பண்ணவாடிக்குப் போனேன். மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிந்தபோது அந்தப் பக்கத்துக் கிராமங்கள் நீருக்குள் போயின. சாமிகளை எடுத்துக்கொண்டு ஜனங்கள் மேட்டுக்கு ஏறினார்கள். கோவிலும் தேவாலயமும் அங்கேயே நின்றுவிட்டன. அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. நீர்மட்டம் 80 அடிக்குக் கீழே போனால் தேவாலயத்தின் இரட்டைக் கோபுரமும், ஜலகண்டேஸ்வரர் கோவில் நந்தியும் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும்.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றரை. ஒரு நாள்தான் லீவு. சாயங்காலம் நாலு மணிக்கு சேலம் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். உச்சி வெயிலில் நந்திக்கு நிழலே இல்லை. முதுகில் காய்ந்த பாசி, கழுத்து மடிப்பில் சின்னச் சின்ன நத்தை ஓடுகள், கொம்பில் யாரோ சுற்றிய வாடிய சாமந்தி. சுற்றிலும் தட்டுத் தட்டாக வெடித்த வண்டல். கொஞ்சம் தள்ளி ஈரம் இருந்த இடத்தில் யாரோ சோளம் விதைத்திருந்தார்கள். எதிர்க்கரை நாகமரைக்குப் பரிசல் விடுகிறவர் என்னைப் பார்த்துவிட்டு, "நேத்துச் சாயங்காலம் வந்திருக்கணுங்க. பொழுது எறங்கறப்ப நந்தி செவசெவன்னு இருந்துச்சு" என்றார்.

அப்போது ஒரு அம்மா கற்பூரம் ஏற்ற வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கும்பிட்டு முடித்ததும் வண்டலில் நடந்து காட்டினார். "இது தெரு. இங்க எங்க மாமியா பொறந்த வீடு. அவங்க சொல்லுவாங்க, வாசப்படியில நின்னா நந்தி வாலு தெரியும்னு. இந்தா, இங்கதான் இருக்கணும்" என்று குதிகாலால் ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மண்தான். ஆனால் அவர் அந்தக் கோட்டைத் தாண்டும்போது காலைக் கொஞ்சம் தூக்கி வைத்தார், நிஜமாகவே அங்கே ஒரு படி இருப்பது மாதிரி.

அப்படித் தூக்கி வைத்த பாதத்தை நான் படம் எடுக்கவில்லை. லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தேன். எடுத்த மற்ற படங்களில் முக்காட்டு நிழலில் அவர் முகம் கறுப்பாக விழுந்திருக்கிறது. அடுத்த வாரம் வருகிறேன் அம்மா என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த வாரம் வேலை. அதற்கடுத்த வாரமும் வேலை. அப்புறம் குடகுப் பக்கம் மழை பிடித்தது, நீர் ஏறியது, நந்தி உள்ளே போய்விட்டது.

பணம் கிடைத்தால் முதல் காரியமாகப் பண்ணவாடிப் பக்கம் ஒரு வீடு வாடகைக்கு எடுப்பேன். குறைந்தது மூன்று வருடம். ஜூன் 12-இல் பாசனத்துக்குத் திறப்பது மேட்டூரின் வழக்கம். ஆனால் அது நிறைவதும் இறங்குவதும் மேலே பெய்யும் மழையைப் பொறுத்தது. சில வருடம் நந்தி பல மாதம் வெளியே இருக்கும், சில வருடம் கண்ணிலேயே படாது. ஒரு நாள் லீவில் போகிறவனுக்குக் கிடைப்பது அதிர்ஷ்டம் மட்டும்தான். அங்கேயே கிடப்பவனுக்குக் கோபுரத்தின் முதல் கல் வெளியே வருகிற காலையும் கிடைக்கும், விதைத்த சோளத்தின் மேல் தண்ணீர் ஏறுகிற நாளும் கிடைக்கும். பரிசல்காரருக்கு மாதச் சம்பளம் கொடுத்துவிடுவேன். படம் எடுத்த ஒவ்வொருவருக்கும் பிரிண்ட் போட்டுக் கையில் கொடுப்பேன். இதுவரை அப்படிக் கொடுக்காமல் வந்த முகங்கள் எத்தனை என்று நினைத்தால் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

சரி, எந்த நாடு என்று கேட்டீர்கள். இந்தத் தண்ணீரின் பின்னாலேயேதான் போவேன். காவிரியில் மேலே ஏறினால் கிருஷ்ணராஜசாகர் அணை. அங்கே மூழ்கிய கண்ணம்பாடி வேணுகோபாலசுவாமி கோவிலைக் கல் கல்லாகப் பிரித்தெடுத்துக் கரையில் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். இன்னும் மேலே, காவிரியில் வந்து சேரும் ஹேமாவதியில், ஹாசன் பக்கம் ஷெட்டிஹள்ளி. 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரியார்கள் கட்டிய தேவாலயம் அது. மழைக்காலத்தில் பாதிக்கு மேல் மூழ்கும், கோடையில் கூரையில்லாமல் வெட்டவெளியில் நிற்கும். ஆந்திரத்தில் ஸ்ரீசைலம் நீர்த்தேக்கத்தில் சங்கமேஸ்வரம் கோவிலும் இப்படித்தான், வருடத்தில் சில மாதம் மட்டுமே தரிசனம். அதில் பூசாரி படகில் போய்ச் செய்கிற கடைசி பூஜையைத்தான் நான் எடுக்க ஆசைப்படுகிறேன். கோபுரத்தை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

அப்புறம் இலங்கை மலையகம். மவுசாகலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா ஊரையே 1960-களில் காலி செய்தார்கள். வறட்சி வந்து நீர் வற்றினால் கோவில், பள்ளிவாசல், விகாரை மூன்றின் மிச்சங்களும் பக்கத்தில் பக்கத்தில் வெளியே வரும். சுற்றிலும் தேயிலை. அந்தத் தோட்டங்களில் உழைப்பவர்கள் பெரும்பாலும் நம் மொழி பேசுகிற ஜனங்கள், மூழ்கிய கடைத்தெருவை அவர்கள் தமிழிலேயே எனக்குச் சொல்லுவார்கள். இந்தப் பயணத்தில் மேட்டூருக்கு அடுத்து எனக்கு முக்கியமான இடம் இதுதான்.

இலங்கையைத் தாண்டி வெளிநாடு என்று பார்த்தால் மூன்று. இத்தாலியின் வடக்கு எல்லையில் ரெஸியா ஏரி. 1950-இல் கிராமத்தை மூழ்கடித்தார்கள், 14-ஆம் நூற்றாண்டு மணிக்கூண்டு மட்டும் நீருக்கு மேலே நிற்கிறது. குளிர்காலத்தில் ஏரி உறைந்தால் மணிக்கூண்டின் அடிவரை நடந்தே போகலாம். ஸ்பெயினில் சாவ் அணைக்குள் இருக்கும் 11-ஆம் நூற்றாண்டுத் தேவாலயம், 2023 வறட்சியில் மண்தரையோடு முழுதாக வெளியே வந்தது. ரஷ்யாவில் வோல்கா நதியில் கால்யாஜின் ஊர் மணிக்கூண்டு, 1800-இல் கட்டியது, 1940 வாக்கில் அணை நீர் சூழ்ந்தது. மூன்றுமே சுற்றுலாப் படங்களில் நிறையப் பார்த்தவை. எனக்கு அந்தப் படங்கள் வேண்டாம். அந்த ஊர்க்காரர் ஒருவர் கரையில் நின்று, எங்கள் வீடு இதோ இங்கே இருந்தது என்று கை நீட்டுவதைப் பார்க்க வேண்டும். பண்ணவாடி அம்மாவின் கையும் அந்தக் கையும் ஒரே பக்கத்தில் அச்சாக வேண்டும். இதுதான் ஐயா என் கோடி ரூபாய்த் திட்டம்.

பணம் கொட்டி இப்படிப் படம் எடுக்க வைத்தவர்கள் இருந்திருக்கிறார்கள். பாரிஸ் வங்கிக்காரர் ஆல்பெர் கான் 1909-இல் தொடங்கி, உலகம் மாறிப் போவதற்குள் அதைப் பதிந்து வைத்துவிட வேண்டும் என்று சுமார் ஐம்பது நாடுகளுக்குப் படக்காரர்களை அனுப்பினார். 1913-இல் ஒருவர் இந்தியாவுக்கும் வந்தார். மொத்தம் 72,000 வண்ணக் கண்ணாடித் தகடுகள். சாயமேற்றிய உருளைக்கிழங்கு மாவுத் துகள்தான் அவற்றில் வண்ணம் தந்தது. 1929-இல் பங்குச் சந்தை விழுந்தது, கானின் சொத்து கரைந்தது, 1931-இல் வேலை நின்றுபோனது. தகடுகள் இன்றும் இருக்கின்றன.

ரஷ்யாவில் புரோகுதின்-கோர்ஸ்கிக்கு ஜார் மன்னரே இருட்டறை வைத்த ரயில் பெட்டியைக் கொடுத்து நாட்டைச் சுற்ற அனுமதித்தார். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று வடிகட்டி வழியாக ஒரே காட்சியை அடுத்தடுத்து மூன்று தடவை எடுப்பது அவர் முறை. கல் கட்டடம் தத்ரூபமாக விழுந்துவிடும். ஓடும் தண்ணீர் மூன்று தடவையும் ஒரே இடத்தில் இருக்குமா? அவர் படங்களில் ஆற்றின் மேல் மட்டும் சிவப்பும் பச்சையும் நீலமுமாகத் தீற்றல் ஓடும். பலர் அதைப் பிழை என்று கணினியில் துடைத்துவிடுகிறார்கள். துடைக்காத படத்தைத் தேடிப் பாருங்கள். மூன்று கணம் ஒரே சட்டத்தில் இருக்கிறது. எனக்கு அந்தத் தீற்றல்தான் பிடிக்கும்.

நம் பக்கத்துக் கதையும் உண்டு. லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி 1856-இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். மாட்டு வண்டியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றினார். தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தின் அடியில் ஓடும் கல்வெட்டை வரிசையாக எடுத்து, 21 படங்களை ஒட்டி 19 அடிக்கு மேல் நீளமான ஒரே படமாக்கினார். அந்தக் கல்வெட்டுகள் படித்து அச்சிடப்படுவதற்குப் பல வருடம் முந்தி. 1859-இல் ஆளுநராக வந்த டிரெவெல்யன் இதெல்லாம் வீண் செலவு என்று நிறுத்திவிட்டார். இன்னும் பத்து வருடம் விட்டிருந்தால் எத்தனை ஊர், எத்தனை கோவில், எத்தனை தெரு நமக்குக் கிடைத்திருக்கும்! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

ஆகவே பணம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். பணம் இருந்தால் வேலை நடக்கும். ஆனால் அது எதற்கு வேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்களோ அங்கேதான் எனக்கு உங்களோடு சண்டை. நீங்கள் கேமராவையும் விமான டிக்கெட்டையும் கேட்கிறீர்கள். அது இரண்டும் இல்லை என்பதற்காகக் கையில் இருக்கிற கேமராவைத் தூங்க விட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் சத்தியமங்கலத்துக்காரர். பக்கத்தில்தான் பவானிசாகர், டவுன் பஸ்ஸில் போய்விடலாம். 1955-இல் அந்த அணை முடிந்தபோது டணாய்க்கன் கோட்டை நீருக்குள் போனது. ஹொய்சள மன்னர்களின் தளபதிகளான தண்டநாயகர் காலத்துக் கோட்டை. நீர் நன்றாக இறங்கும் வருடங்களில் அங்கிருந்த மாதவப் பெருமாள் கோவில் வெளியே வரும். எட்டு வருடமாகப் படம் எடுக்கிறீர்கள். ஒரு தடவையாவது பார்த்தீர்களா? கோவிலை விடுங்கள். அணை கட்டியபோது அந்த ஊர்களிலிருந்து வெளியேறியவர்களில் ஒருவரையாவது சந்தித்தீர்களா? அன்றைக்குப் பத்து வயதாக இருந்தவருக்கு இன்றைக்கு எண்பது வயது. பண்ணவாடியில் நான் பார்த்தது மருமகளைத்தான், ஊரை நேரில் பார்த்த மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டார். உங்கள் ஊரில் நேரில் பார்த்தவர்களே இன்னும் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த விஷயத்தில் என்னைவிட நீங்கள் வசதியானவர்.

ஒன்று மட்டும் கவனம். நீர்த்தேக்கத்தைச் சுற்றி இருப்பது புலிகள் காப்பகக் காடு, யானை சாதாரணமாக நடமாடும் இடம். வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே இறங்காதீர்கள், ட்ரோனையும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். கோவில் வெளியே வரும் வரை காத்திருக்கவும் வேண்டாம். பெரியவர்களிடம் முதலில் போங்கள். கேமராவை இரண்டாவது தடவையோ மூன்றாவது தடவையோ எடுத்தால் போதும். தெரு எப்படிப் போனது, கிணறு எங்கே இருந்தது என்று ஒரு தாளில் வரைந்து தரச் சொல்லுங்கள். அந்தத் தாளையும், வரைந்த கையையும் எடுங்கள். ஜன்னல் ஓரத்தில் காலை வெளிச்சத்தில் எடுங்கள். இதற்கு உங்களிடம் இருக்கிற லென்ஸே தாராளம்.

அணைகளின் நீர்மட்டம் தினமும் செய்தித்தாளில் வருகிறது. இன்று முதல் பவானிசாகரின் எண்ணைக் குறித்துக்கொண்டு வாருங்கள். படங்கள் சேர்ந்ததும், பத்து இருந்தாலும் சரி, பெரியவர்கள் வரைந்த தெருப் படத்தோடு அனுப்புங்கள். இந்தப் பத்திரிகையில் நான்கு பக்கம் உங்களுக்காக ஒதுக்கி வைக்கிறேன்.