வாரம் ஒருமுறை மாத்திரை வார்டில் தினசரி ஆகிவிடாமல்

கேள்வி: அம்மாவுக்கு வயது 62. முடக்குவாதத்துக்கு ஞாயிறுதோறும் மெத்தோட்ரெக்ஸேட் 15 மி.கி. சாப்பிடுகிறார். முழங்கால் ஆபரேஷனுக்கு அட்மிட் ஆகப்போகிறார். வார்டில் மருந்தை மாற்றிக் கொடுத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: பயம் நியாயமானதுதான். இந்த மருந்தில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறு, வாரத்துக்கு ஒருமுறை என்பது தினமும் ஒருமுறை ஆகிவிடுவது. வார்டில் எழுதுவதெல்லாம் பெரும்பாலும் தினசரி மருந்துகள்; கை அப்படியே பழகிவிடுகிறது. தொடர்ந்து சில நாள் உள்ளே போனாலே எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்கள் உருவாக்குவதைக் குறைத்துவிடும். உயிரே போயிருக்கிறது. இத்தனை தெரிந்தும் பல இடங்களில் மருந்து எழுதும் கம்ப்யூட்டர் இன்னும் ‘தினமும்’ என்பதைத்தான் முதலில் காட்டுகிறது!

அட்மிட் ஆகும்போதே ஒரு தாளில் மருந்தின் முழுப்பெயர், ‘ஞாயிறு மட்டும், முடக்குவாதத்துக்கு’, கடைசியாகச் சாப்பிட்ட தேதி ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். நர்ஸின் மருந்துச் சார்ட்டில் மற்ற ஆறு நாள் கட்டங்களையும் கோடு போட்டு அடிக்கச் சொல்லுங்கள். ஆபரேஷனுக்காக இதை நிறுத்துவது பொதுவாகத் தேவைப்படாது; முடிவு டாக்டருடையது.

மருந்து வாங்கித் தருகிறேன் என்று சீட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடும் ஆளிடம் மட்டும் கொடுக்காதீர்கள். 2.5 மி.கி. மாத்திரை இல்லையென்றால் 10 மி.கி. மாத்திரை வாங்கி வந்து “அதே மருந்துதான்” என்பார். வழக்கம்போல் ஆறு மாத்திரை எண்ணிப் போட்டால் 60 மி.கி.! பெயரும் அளவும் தெரியாதபடி வெட்டிய அட்டையும் வேண்டாம். கூடவே தரும் ஃபோலிக் ஆசிட் (வைட்டமின்) மாத்திரையும் பலசமயம் இதேபோல மஞ்சளாகச் சின்னதாக இருக்கும். இரண்டையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள்.

சரியான அளவே விஷமாகும் நேரமும் உண்டு. இந்த மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. ஆபரேஷனுக்குப் பின் வாந்தி, நீரிழப்பு, வலி மாத்திரை என்று சிறுநீரகம் தளர்ந்தால் மருந்து உடம்பிலேயே தங்கிவிடும். அதனால் ஞாயிறு டோஸுக்கு முன் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்தார்களா என்று கேளுங்கள். அளவு ஏறியிருந்தால், டாக்டர் சொல்லாமல் அந்த வார டோஸ் வேண்டாம். சிறுநீர்த் தொற்றுக்கு டிரைமெத்தோபிரிம் கலந்த மாத்திரை எழுதினால், மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுவதை உடனே நினைவூட்டுங்கள், இரண்டும் சேரக்கூடாது.

வாய்ப்புண், காய்ச்சல், காரணமில்லாத ரத்தக் கசிவு தெரிந்தால் அன்றே ரத்த அணுக்களின் எண்ணிக்கை பார்க்க வேண்டும். கூடுதலாகப் போய்விட்டது என்று தெரிந்தால் முறிவு மருந்து லியூகோவோரின். ஃபோலிக் ஆசிட் மாத்திரை அதற்கு ஈடாகாது. டிஸ்சார்ஜ் தாளிலும் கிழமை எழுதியிருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.