மோட்லரோய்ட்: ஒரே ஊருக்கு ஏன் இரண்டு அஞ்சல் குறியீடு?

ஜெர்மனியில் இருக்கும் மோட்லரோய்ட் என்ற சிற்றூருக்குக் கடிதம் அனுப்ப 95183, 07926 என்ற இரண்டு குறியீடுகளில் எது சரி என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுமே சரிதான். 95183 பவேரியா மாநிலப் பக்கத்துக்கு, 07926 தூரிங்கியா மாநிலப் பக்கத்துக்கு. "1990-இல் ஜெர்மனி ஒன்றான பிறகும் ஏன் இரண்டு?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். நாடு ஒன்றானது, மாநில எல்லை அப்படியே இருக்கிறது.

காரணம் ஊர் நடுவே ஓடும் டான்பாக் ஓடை. தாண்டிக் குதிக்கலாம், அவ்வளவு சின்னது. 1810 முதல் அதுவே பவேரியாவுக்கும் ரோய்ஸ் சிற்றரசுக்கும் (இன்று அது தூரிங்கியாவில்) எல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பவேரியக் கரை அமெரிக்க ஆக்கிரமிப்பு மண்டலம், பிறகு மேற்கு ஜெர்மனி; தூரிங்கியக் கரை சோவியத் மண்டலம், பிறகு கிழக்கு ஜெர்மனி. 1966-இல் சுமார் 700 மீட்டர் கான்கிரீட் சுவரே எழும்பிவிட்டது. ஏறக்குறைய ஐம்பது பேர் வாழும் ஊரில்! எதிர்க்கரைச் சொந்தக்காரரைப் பார்த்துக் கையசைக்கக்கூடத் தடை. படிக்கும்போதே மனசு கனத்துப்போகிறது.

சரி, உங்கள் கடிதத்துக்கு எது? அந்த வீட்டுத் தொலைபேசி எண் இருந்தால் பாருங்கள். 09295 என்று தொடங்கினால் பவேரியா, முகவரியில் ஊராட்சிப் பெயராக டோப்பன் என்று எழுதுங்கள். 036649 என்றால் தூரிங்கியா, கெஃபெல் நகரம் என்று எழுதுங்கள்.

ஒன்று கவனம்: அருங்காட்சியகமாகக் காத்துவரும் சுவர்த்துண்டை வைத்து எல்லையைக் கணிக்காதீர்கள். சுவர் கிழக்கு ஜெர்மனி மண்ணுக்குள் சற்றுத் தள்ளிக் கட்டப்பட்டது. எல்லை ஓடைதான்.