பெண்கள் அணிக் கோச்சுக்கு மட்டும் ஏன் சம்பளம் குறைவு?

ஒரே கல்லூரியில் ஆண்கள் அணிக் கோச்சுக்கு அதிகம், பெண்கள் அணிக் கோச்சுக்குக் குறைவு, கேட்டால் வேலை போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தொகுப்பூதியத்தில் புதிதாகச் சேர்ந்தவர் என்று நினைக்கிறேன். நானும் அப்படிச் சேர்ந்தவள்தான்.

காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் ஒன்பது வருடம் பெண்கள் கபடி அணியைப் பார்த்துக்கொண்டேன். ஆண்கள் அணிக் கோச் எனக்கு இரண்டு வருடம் பிந்தி வந்தவர். ஒருநாள் கையெழுத்துப் போடும்போது பார்த்தேன்: எனக்கு 11,000, அவருக்கு 18,000. அலுவலகத்தில் கேட்டதற்கு, "பொம்பளைப் பிள்ளைங்க கோர்ட்டே சின்னதுதானம்மா, ஆட்டமும் சீக்கிரம் முடிஞ்சிருதுல்ல" என்றார்கள்.

அளவு சின்னதுதான். ஆண்களுக்கு 13க்கு 10 மீட்டர், பெண்களுக்கு 12க்கு 8. பாதி ஆட்டம் அவர்களுக்கு 20 நிமிடம், எங்களுக்கு 15. ஆனால் விடிகாலை ஐந்தரைக்குச் செம்மண்ணில் தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புப் பொடியில் கோடு போட்டது நான். ஆண்கள் பக்கம் அதற்குத் தனி ஆள். வெளியூர்ப் போட்டி என்றால் வீடு வீடாகப் போய், சில வீடுகளில் அப்பத்தா வரைக்கும் பேசி அனுமதி வாங்க வேண்டும். திரும்பியதும் தேவகோட்டைக் கடைசி பஸ்ஸில் ஏற்றிவிட்டு, "வந்துட்டேன் டீச்சர்" என்று போன் வரும்வரை சோறு இறங்காது.

அந்தக் கோச்சை நான் குறை சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கும் ரைடு சொல்லிக்கொடுத்தவர் அவர்.

ஆண்கள் ஆட்டத்துக்குத்தானே வருமானம் என்று சிலர் வருவீர்கள். அமெரிக்காவில் மரியான் ஸ்டான்லி என்ற கூடைப்பந்து கோச், மூன்று தேசியப் பட்டம் வென்றவர், சம ஊதியம் கேட்டுப் பல்கலைக்கழகத்தின் மேல் போட்ட வழக்கில் 1994இல் நீதிமன்றமும் வருமானத்தைத்தான் பேசியது. அங்கே டிக்கெட் உண்டு. எங்கள் மைதானத்தில் இரண்டு ஆட்டத்துக்கும் டிக்கெட் கிடையாது, அப்புறம் எந்த வருமானம்?

ஒரே மாதிரி வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஊதியம் என்று 1976லேயே நம் நாட்டில் சட்டம் வந்தது. அதைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுத்தேன். வேலை போகவில்லை, 3,000 ஏறியது. நீங்களும் எழுத்தில் கேளுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. முகூர்த்த நாளில் எங்கள் கோர்ட்டைத்தான் கல்யாணக் கார்கள் நிறுத்தக் கொடுப்பார்கள். மறுநாள் பிள்ளைகளும் நானும் குனிந்து குப்பை பொறுக்குவோம். ஒருமுறை கண்ணாடிச் சில்லு ஒரு பிள்ளையின் முழங்காலில் ஏறிவிட்டது. தையல் போட்ட 600 ரூபாய் இன்றுவரை எனக்கு வரவில்லை.