அவன் வராவிட்டால் எது நின்றுபோகும்?

வணக்கம் சார்,

உங்கள் மின்னஞ்சலை இரண்டு முறை படித்தேன். முதல் முறை படித்தபோது உங்கள் மகனுக்குக் கணக்கில் மதிப்பெண் குறைந்ததுதான் கவலை என்று நினைத்தேன். இரண்டாம் முறைதான் நடுவில் ஒளிந்திருந்த அந்த வரி கண்ணில் பட்டது: "நடிக்கக்கூட இல்லை, மேடைக்குப் பின்னால் நின்று சாமான் எடுத்துக் கொடுக்கிறான்." உங்களை உறுத்துவது அதுதான் என்று தோன்றுகிறது.

செஸ் போனான், விட்டான். கீபோர்டு போனான், விட்டான். கராத்தேயில் இரண்டு பெல்ட் வாங்கிவிட்டு அதையும் விட்டான். இப்போது பதினைந்து வயதில், வாரம் மூன்று மாலை பள்ளி நாடகக் குழு. பரிசு கிடையாது, சான்றிதழ் கிடையாது, குழு போட்டோவில்கூட முகம் பாதிதான் தெரிகிறது. தேர்வு முடியும்வரை நிறுத்திவிடட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிறுத்த வேண்டாம் என்பதுதான் என் பதில். "பிள்ளைகளின் எல்லாத் திறமையும் வளரட்டும்" என்று பள்ளி ஆண்டு விழாக்களில் பேசுவார்களே, அந்தக் காரணத்துக்காகச் சொல்லவில்லை.

இன்று இரவு அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். விசாரணை மாதிரி இல்லாமல், சும்மா பேச்சுவாக்கில்: "நாளைக்கு நீ ஒத்திகைக்குப் போகவில்லை என்றால் அங்கே என்ன ஆகும்?" செஸ் வகுப்புக்குப் போகாத நாளில் ஒன்றும் ஆகியிருக்காது. செஸ்ஸை நான் குறை சொல்லவில்லை. அவன் போன வகுப்பில் அவனை நம்பி யாரும் காத்திருக்கவில்லை, அவ்வளவுதான். மேடைக்குப் பின்னால் நிலைமை வேறு. இரண்டாம் காட்சிக்குக் கைவிளக்கு வராவிட்டால், நடிப்பவன் அத்தனை பேர் முன்னால் வெறுங்கையோடு நிற்பான். எந்தப் பொருள் எந்தப் பக்கத்திலிருந்து, எந்த வசனத்துக்கு உள்ளே போக வேண்டும் என்கிற பட்டியல் உங்கள் மகன் தலையில் இருக்கிறது. போன ஒத்திகையில் ஏதோ ஒன்று உடைந்திருக்கும். அதற்கு மாற்று ஏற்பாடு செய்தவனும் அவனாகத்தான் இருப்பான். கேட்டால் சொல்வான். அநேகமாக நீங்கள் எதிர்பார்ப்பதைவிட நீளமாகச் சொல்வான்.

ஒரு செயல்பாடு பிள்ளையை வளர்க்கிறதா, பொழுதைத்தான் தின்கிறதா என்று பார்க்க நான் நம்பும் சோதனை இதுதான்: இவன் வராவிட்டால் அங்கே எது நின்றுபோகும்? என்னிடம் ஆலோசனைக்குத் தடிமனான சான்றிதழ் ஃபைலோடு வரும் மாணவர்கள் நிறைய. அதில் பாதிக்கு மேல் 'பங்கேற்றார்' என்பதற்கான காகிதம். அந்தக் காகிதங்களில் ஏதாவது ஒன்றைக் காட்டி, "இங்கே என்ன தப்பாகப் போனது, அப்புறம் என்ன செய்தாய்?" என்று கேட்டால் அறையில் சத்தமே இருக்காது.

ரீட் லார்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் 2000-இல் எழுதிய ஒரு கட்டுரையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பதின்வயதினர் வகுப்பறையில் இருக்கும்போது மூளை உழைக்கிறது, ஆனால் மனம் ஒட்டுவதில்லை. நண்பர்களோடு இருக்கும்போது மனம் ஒட்டுகிறது, மூளைக்குப் பெரிய வேலை இல்லை. தாமே விரும்பிச் சேர்ந்த, ஒழுங்குள்ள செயல்பாடுகளில்தான் இரண்டும் சேர்ந்து வருகின்றன என்கிறார் அவர். கூடவே இன்னொன்றையும் சொல்கிறார்: அது கொஞ்ச காலம் நீள வேண்டும், நடுவில் தடங்கல் வர வேண்டும், திட்டத்தை மாற்றிப் பார்க்க வேண்டும். ஒரு நாள் போட்டியில் இதற்கு இடமில்லை. மூன்று மாத ஒத்திகையில் இருக்கிறது.

சரி, மதிப்பெண்ணுக்கு வருவோம். மதிப்பெண் குறைந்ததும் முதலில் வெட்டப்படுவது இந்த மாதிரி விஷயங்கள்தான். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இதற்குச் சட்டமே போட்டார்கள். 1984-இல் வந்த அந்தச் சட்டப்படி, ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே போனால் ஆறு வாரம் விளையாட்டு, இசைக் குழு எதிலும் கலந்துகொள்ள முடியாது. 1995-இல் அதை மூன்று வாரமாகக் குறைத்தார்கள். அப்பாமார்களுக்கு இந்தச் சட்டம் பிடிக்கும் என்று தெரியும். ஆனால் மறுபக்கமும் உண்டு. ஜோசப் மஹோனி, ராபர்ட் கெய்ர்ன்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 392 மாணவர்களை ஏழாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை கவனித்து 1997-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பள்ளியை நடுவில் விட்டுப் போகும் ஆபத்து அதிகமாக இருந்த பிள்ளைகளில், செயல்பாடுகளில் சேர்ந்திருந்தவர்கள் விட்டுப்போவது குறைவாக இருந்தது. செயல்பாடுதான் காரணம் என்று இது நிரூபித்துவிடவில்லை. உங்கள் மகனும் அந்த நிலையில் இல்லை. ஆனாலும் படிப்பில் சறுக்கும் பிள்ளைக்குப் பள்ளியோடு இருக்கும் கயிறு சில சமயம் அந்த ஒன்றுதான் என்பதை இந்த வேலையில் நானும் பார்த்திருக்கிறேன்.

என் தவறு ஒன்றையும் சொல்கிறேன். இந்த வேலைக்கு வந்த புதிதில், இசைக் குழுவில் இருந்த ஒரு மாணவியைத் தேர்வுவரை நிறுத்தச் சொன்னது நான்தான். நிறுத்தினார்கள். மிச்சமான நேரம் புத்தகத்துக்குப் போகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பதில் போனது. மதிப்பெண் அப்படியே நின்றது, வீட்டில் பேச்சுதான் குறைந்தது.

நேரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் கொஞ்சம் தெளிவு வரும். வாரத்துக்கு 168 மணி நேரம். பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வயதுவரை தினமும் 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பு 2016-இல் தந்த பரிந்துரை. 9 என்று வைத்தால் 63 போகும். பள்ளியும் போக்குவரத்தும் 45, டியூஷன் 10, சாப்பாடு, குளியல் எல்லாம் 15. மிச்சம் 35. ஒத்திகை, நீங்கள் எழுதியபடி, 6. மீதி 29 மணி நேரம் எங்கே போகிறது என்று அவனும் நீங்களும் உட்கார்ந்து ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். உங்கள் ஃபோன் நேரத்தையும் பக்கத்திலேயே எழுதுங்கள், இல்லாவிட்டால் அவன் பென்சிலைத் தொட மாட்டான்.

மூன்றை விட்டுவிட்டான் என்பதைப் பெரிதாக்க வேண்டாம். தொட்டுப் பார்த்து விடும் வயசு அது. விளையாட்டிலேயேகூட ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வதை 15, 16 வயதுவரை தள்ளிப்போடலாம் என்றுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்கிறது. ஆனால் கராத்தே பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு பெல்ட்டுக்கும் ஒரு பரிசு தருவதாகச் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். 1973-இல் மார்க் லெப்பரும் சக ஆய்வாளர்களும் வரைவதில் ஆசையுள்ள சின்னக் குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட குழந்தைகள் பிறகு தாமாக வரைவது குறைந்தது. சொல்லாமல் திடீரென்று பரிசு வாங்கியவர்களிடம் அப்படி நடக்கவில்லை. மழலைப் பள்ளிக் குழந்தைகளிடம் கண்டதைப் பதின்வயதுக்கு அப்படியே பொருத்த மாட்டேன். இருந்தாலும் நாடகத்துக்குப் பரிசு எதையும் பேசிவிடாதீர்கள். பரிசே இல்லாமல் அவன் போய்க்கொண்டிருக்கிறான், அதைக் கெடுப்பானேன்?

"கல்லூரி விண்ணப்பத்தில் இதை எப்படிக் காட்டுவது?" என்றும் கேட்டிருந்தீர்கள். மதிப்பெண்ணை மட்டும் பார்க்கும் இடங்களில் இது உதவாது, அதை மறைக்கப் போவதில்லை. செயல்பாடுகளையும் பார்க்கும் இடங்களில் எண்ணிக்கையைவிட விவரம்தான் பேசும். அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்கும் பொதுவான 'காமன் ஆப்' விண்ணப்பத்தில் பத்துச் செயல்பாடுகளுக்குத்தான் இடம், ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துக்குறிகள். வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது போன்ற குடும்பப் பொறுப்புக்குக்கூட அதில் தனி வகை உண்டு, பலருக்கு இது தெரிவதில்லை. 'நாடகக் குழு உறுப்பினர்' என்று எழுதினால் எதுவும் தெரியாது. எத்தனை காட்சி, எத்தனை பொருள், என்ன சிக்கல், யாருக்குக் கற்றுக்கொடுத்தான் என்று எழுதினால் ஒரு ஆள் தெரிவான்.

அதற்கு ஒரு சின்ன நோட்டு போதும். வாரம் இரண்டே வரி: இந்த வாரம் என்ன சொதப்பியது, நான் என்ன செய்தேன். இரண்டு வருடம் கழித்து நேர்முகத்தில் உட்காரும்போது இதெல்லாம் ஞாபகத்தில் இருக்காது, நோட்டில் இருக்கும். நீங்கள் அதைத் திறந்து பார்க்கக் கூடாது. பார்ப்பீர்கள் என்று தெரிந்தால் அவன் உங்களுக்காக எழுத ஆரம்பித்துவிடுவான்.

எப்போது நிறுத்தலாம்? தூக்கம் வாரக்கணக்கில் எட்டு மணிக்குக் கீழே போனால், குழுவை நடத்துபவர் பிள்ளைகளை அவமானப்படுத்தினால், போகும் முன்பே வயிற்று வலி, தலைவலி என்று கிளம்பினால் தயங்க வேண்டாம். பின்னால் சொன்ன இரண்டுக்கும் உடனே. தூக்கக் குறைவுக்கு முதலில் மூன்று மாலையை இரண்டாக்கிப் பாருங்கள். அவனுக்கே அலுத்துப்போய் விட நினைத்தால் நிகழ்ச்சி முடியும்வரை இருந்து, பட்டியலை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வரட்டும். முந்தைய மூன்றையும் எப்படி விட்டான்? ஒரு நாள் போகவில்லை, மறுநாளும் போகவில்லை, அவ்வளவுதானே. சொல்லிவிட்டு வெளியே வருவதற்கு இந்த முறை பழகட்டும்.

கணக்கு தனி விஷயம், அதைத் தனியாகவே பார்க்கலாம். கடைசித் தேர்வின் விடைத்தாளைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். தெரியாமல் விட்டதா, நேரம் போதாமல் விட்டதா, கூட்டலில் கோட்டை விட்டதா என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன். அனுப்புவதற்கு முன் அவனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.