மூன்று கிண்ணம் தயிர் – வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயா,

117 வயது வரை வாழ்ந்த ஸ்பெயின் நாட்டு மரியா பிரான்யாஸ் தினமும் மூன்று வேளை தயிர் சாப்பிட்டார் என்று படித்தேன். அன்றிலிருந்து அம்மாவுக்கும் மூன்று வேளை கொடுத்து வருகிறேன். அம்மாவுக்கு 74 வயது. ஒரு வருடமாகச் சாப்பாடு பாதியாகக் குறைந்துவிட்டது, பழைய சட்டையெல்லாம் தோளில் தொங்குகிறது. தயிரை மட்டும் மறுக்காமல் சாப்பிடுகிறார். "ஒருத்தர் நூறு வயது தாண்டினால் அதற்குத் தயிர்தான் காரணமா?" என்று கணவர் கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை. வயதானவர்களுக்குத் தயிர் உண்மையிலேயே நல்லதா, இல்லை நானாக நம்பிக்கொண்டிருக்கிறேனா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் கணவர் கேட்டது சரியான கேள்வி. நீங்கள் செய்வதும் சரியான காரியம்தான், ஆனால் அதற்கான காரணம் வேறு.

மரியா பிரான்யாஸின் மரபணு, இரத்தம், குடல் நுண்ணுயிர்கள் எல்லாவற்றையும் ஆராய்ந்தார்கள். நல்ல மரபணு அமைப்பு இருந்தது, குடலில் நன்மை தரும் நுண்ணுயிர்கள் நிறைய இருந்தன, அதில் தயிருக்கும் பங்கு இருக்கலாம் என்றார்கள். ஆனால் ஒரே ஒருவரை வைத்து மற்றவர்களுக்கு விதி சொல்ல முடியாது. தயிர் சாப்பிட்டால் ஆயுள் நீளும் என்ற ஆசையும் புதிதல்ல. 1908-ல் நோபல் பரிசு வாங்கிய விஞ்ஞானி மெச்னிகோவ், பாரிஸின் பாஸ்டர் ஆய்வகத்தில் இருந்துகொண்டு இதையேதான் சொன்னார்: பெருங்குடலின் கெட்ட நுண்ணுயிர்கள்தான் நம்மை முதுமையாக்குகின்றன, புளித்த பாலின் நுண்ணுயிர்கள் அவற்றை அடக்கும் என்று. அவரும் தினமும் புளித்த பால் குடித்தார், 1916-ல் 71 வயதில் இறந்தார். அவர் நம்பிய, பல்கேரியத் தயிரில் கண்டெடுத்த நுண்ணுயிர் குடலில் நிரந்தரமாகக் குடியேறுவதில்லை என்று பிறகு தெரிந்தது.

சரி, அப்புறம் ஏன் கொடுக்கச் சொல்கிறேன்? தசைக்காக.

என் அப்பா கடைசி வருடங்களில் நாற்காலியிலிருந்து எழுவது இன்னும் கண்ணில் நிற்கிறது. இருக்கையின் நுனிக்கு நகர்வார், இரண்டு கையையும் கைப்பிடியில் ஊன்றுவார், ஒரு முறை முன்னால் ஆடிப் பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்துவிடுவார், அதற்கப்புறம்தான் எழுவார். மூட்டுவலி என்றே நாங்கள் நினைத்தோம். தொடை கரைந்துகொண்டிருந்தது யாருக்கும் உறைக்கவில்லை. பல்செட் பொருந்தாததால் மெல்ல வேண்டியதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, குழைய வெந்த மாவுச்சத்தை மட்டும் விழுங்கிக்கொண்டிருந்தார், நாங்களும் வயிறு நிறைந்தால் போதும் என்று இருந்துவிட்டோம். இப்போது நினைத்தாலும் மனம் வலிக்கிறது.

வயதானால் கொஞ்சம் சாப்பிட்டால் போதும் என்பார்கள். புரதத்தைப் பொறுத்தவரை அது தவறு. அதே அளவு தசையைக் காப்பாற்ற வயதான உடம்புக்கு இளம் உடம்பைவிட அதிகப் புரதம் வேண்டும். எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் என்று முதியோர் மருத்துவத்தில் சொல்கிறார்கள், அதாவது 50 கிலோ எடை உள்ளவருக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 60 கிராம். 200 கிராம் தயிரில் ஏறத்தாழ 7 கிராம் புரதம் இருக்கிறது. மூன்று கிண்ணம் என்றால் 20 கிராமைத் தாண்டும், மெல்லவும் வேண்டாம். துணியில் கட்டி நீர் வடித்துக் கெட்டியாக்கினால் அதே கிண்ணத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு கிடைக்கும், பசி இல்லாதவருக்கு இதுதான் வசதி. கொஞ்சம் கால்சியம் வடிந்த நீரோடு போய்விடும் என்பதால் அந்த நீரைக் கொட்டாமல் வேறு எதிலாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

எலும்புக்கும் இது உதவும், 100 கிராமில் சுமார் 120 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, பி12 வைட்டமினும் கொஞ்சம் உண்டு. பால் குடித்தால் வயிறு உப்புகிற பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும், ஏனென்றால் பால் சர்க்கரையைச் செரிக்கும் வேலையில் ஒரு பங்கை அதிலுள்ள உயிருள்ள நுண்ணுயிர்களே செய்துவிடுகின்றன. சூடாக்கினால் அவை செத்துப்போகும், புரதமும் கால்சியமும் அப்படியே இருக்கும். சர்க்கரையும் பழச்சுவையும் சேர்த்து விற்கிற தயிரைத் தினசரிக்கு வாங்காதீர்கள்.

தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறாரா? அப்படியானால் தயிருக்கும் அதற்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும், தயிரிலுள்ள கால்சியம் அந்த மாத்திரையை உடம்பில் முழுதாகச் சேரவிடாது. சில ஆன்டிபயாடிக்குகளும் அப்படித்தான், மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் நான் சொன்ன புரதக் கணக்கையே விட்டுவிட்டு, அவர் சொல்லும் அளவுதான்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது தயிர் இல்லை. ஒரு வருடத்தில் சாப்பாடு பாதியாகி உடம்பும் இளைப்பது வயதின் இயல்பு என்று விட்டுவிடக் கூடியது அல்ல. பல், விழுங்குவதில் சிரமம், மருந்தின் பக்கவிளைவு, மனச்சோர்வு, வேறு ஏதாவது நோய், எதுவாகவும் இருக்கலாம். தயிர் இறங்குகிறதே என்ற நிம்மதியில் இதைத் தள்ளிப்போடாதீர்கள், இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், போன வருடத்து எடை தெரிந்தால் குறித்துக்கொண்டு போங்கள்.

புரதம் மட்டும் போதாது, தசைக்கு வேலையும் வேண்டும். அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, கையை ஊன்றாமல் எழச் சொல்லிப் பாருங்கள், விழாமல் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள். எத்தனை முறை எழ முடிந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.