பொட்சுவோலியின் தூண்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நேப்பிள்ஸ் அருகே பொட்சுவோலியில் உள்ள செராப்பிஸ் கோயில் தூண்களைக் கடல் சிப்பிகள் துளைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். கடல் அவ்வளவு உயரம் ஏறியிருந்தால் நேப்பிள்ஸே மூழ்கியிருக்க வேண்டாமா? தூணின் அடி வழவழப்பாகவும் நடுப்பகுதி மட்டும் துளையாகவும் இருப்பது எப்படி? அக்டோபரில் நானும் மனைவியும் மூன்று நாள் நேப்பிள்ஸில் இருப்போம். பொம்பெயிக்கு ஒரு நாள் போக, இன்னொரு நாளை இங்கே செலவிடலாமா? எப்படிப் போவது, எதை விடுவது?

ர., கோவை

அன்புள்ள ர.,

கடல் ஏறவில்லை. தரைதான் இறங்கியது, பிறகு ஏறியது. பொட்சுவோலி ஓர் எரிமலை வாய்க்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் ஊர். அடியில் வாயுவும் வெந்நீரும் சேர்ந்து அழுத்தம் கூடும்போது தரை சப்பாத்தி போல உப்பும், அழுத்தம் குறைந்தால் அமுங்கும். அதனால்தான் நேப்பிள்ஸுக்கு ஒன்றும் ஆகாமல் இந்த ஊர் மட்டும் நனைந்தது.

முதலில், அது கோயிலே அல்ல. 1750இல் தோண்டியபோது செராப்பிஸ் என்ற எகிப்திய-கிரேக்கக் கடவுளின் சிலை ஒன்று கிடைத்தது, கோயில் என்று பெயர் வைத்துவிட்டார்கள். உண்மையில் அது ஊர்ச்சந்தை. சுற்றிலும் கடைகள், நடுவில் வட்ட மேடை, மூலைகளில் பொதுக் கழிப்பறை. ரோமின் பெரிய துறைமுகமாக இந்த ஊர் இருந்த காலத்தில் அலெக்சாண்ட்ரியக் கப்பல்கள் இங்கே வந்து சரக்கிறக்கின. முசிறியில் ஏற்றிய மிளகு செங்கடல், நைல், அலெக்சாண்ட்ரியா என்று சுற்றி வந்து சேர்ந்த கரை இது.

தூண்களில் மூன்றுதான் இன்று நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12 மீட்டர். அடியிலிருந்து சுமார் மூன்றரை மீட்டர் வரை வழவழப்பு. அதற்கு மேல் இரண்டரை மீட்டருக்குச் சற்று அதிகமாக, விரல் நுழையும் அளவு துளைகள் நெருக்கமாக. அதற்கும் மேலே மறுபடி வழவழப்பு. தரை அமுங்கியபோது தூணின் அடிப்பகுதி சேற்றிலும் இடிபாட்டிலும் புதைந்திருந்தது, சிப்பிக்கு எட்டவில்லை. உச்சி தண்ணீருக்கு வெளியே நின்றது. இடைப்பட்ட பகுதி மட்டும் கடலுக்குள் இருந்தது. லித்தோஃபாகா என்ற இந்தச் சிப்பி ஓட்டால் குடைவதில்லை, சுரப்பால் கல்லைக் கரைத்துக் குடைகிறது. ஆகவே பளிங்கு, சுண்ணாம்புக் கல் போன்றவற்றில்தான் அதன் வேலை நடக்கும், கிரானைட்டில் பலிக்காது. நிலம் ஏறி இறங்கும் என்பதற்குச் சான்றாக 1830இல் நிலவியலாளர் சார்ல்ஸ் லயல் தன் நூலின் முகப்புப் படமாக இந்தத் தூண்களைத்தான் வைத்தார்.

இது பழங்கதையும் அல்ல. 1538இல் தரை எழும்பி, பிறகு வெடித்து, ஒரே வாரத்தில் மோன்ட்டே நுவோவோ என்று ஒரு குன்றே முளைத்தது. 1982 முதல் 1984க்குள் மட்டும் தரை சுமார் 1.8 மீட்டர் எழுந்தது. 2005 முதல் மறுபடி எழும்பிக்கொண்டிருக்கிறது. சிறு படகுத்துறையைப் போய்ப் பாருங்கள், தண்ணீர் வற்றித் தரை தட்டி நிற்கும்.

ஒரு நாள் தாராளமாகக் கொடுக்கலாம். நேப்பிள்ஸிலிருந்து இரண்டு ரயில் உண்டு. மெட்ரோ 2ஆம் பாதையில் வந்தால் மேட்டில் இறங்குவீர்கள், ரோமானியர் விலங்குச் சண்டை பார்த்த அரங்கமான ஆம்பிதியேட்டர் அங்கிருந்து நடை தூரம். மோன்ட்டேசான்ட்டோவிலிருந்து வரும் கூமானா ரயில் கீழே, சந்தைக்கும் துறைக்கும் அருகில் விடும். காலையில் மெட்ரோவில் வந்து மேலிருந்து கீழே இறங்குவதுதான் காலுக்கு நல்லது. மெட்ரோ நிலையத்தின் பெயரில் சொல்ஃபத்தாரா என்று இருப்பதை நம்பிக் கந்தகப் புகை பார்க்கக் கிளம்பாதீர்கள். 2017 விபத்துக்குப் பிறகு அதை மூடிவிட்டார்கள்.

ஆம்பிதியேட்டரில் இருக்கைகளைவிட நிலவறைதான் முக்கியம். விலங்குக் கூண்டுகளை மேலே தூக்கிய சதுரத் திறப்புகள் தலைக்கு மேலே வரிசையாகத் தெரியும். சுவர்க் காரையையும் கவனியுங்கள். சுண்ணாம்போடு இந்த ஊர் எரிமலைச் சாம்பலைக் கலந்தால் தண்ணீருக்கு அடியிலும் இறுகும். ரோமானியர் கடலுக்குள் துறை கட்டியது அதை வைத்துத்தான். நம்மூர் சிமெண்ட் மூட்டையில் பி.பி.சி. (PPC, போர்ட்லாண்ட் பொசலானா சிமெண்ட்) என்று போட்டிருக்கிறதே, அதில் நடு எழுத்தான பொசலானா இந்த ஊரின் பெயரிலிருந்து வந்ததுதான்.

சந்தைக்குள் பொதுவாக விடுவதில்லை. பள்ளத்தில் இருப்பதால் சுற்றுக் கம்பிவேலியிலிருந்தே முழுதும் தெரியும், ஆனால் துளைகளைப் பார்க்க ஒரு பைனாகுலர் வேண்டும். ரியோனே தெர்ரா என்ற பழைய மேட்டுப் பகுதியை முன்பதிவு கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள், பக்கத்திலுள்ள ரோமானியக் குளியல் ஊரான பாயாவை விடாதீர்கள். கூமானாவில் லுக்ரினோ வரை போய், அங்கிருந்து பேருந்தோ டாக்ஸியோ பிடிக்கலாம். பாயாவிலும் மெர்க்குரி கோயில், வீனஸ் கோயில், டயானா கோயில் என்பார்கள். மூன்றும் குளியல் மாளிகையின் கூடங்கள். மெர்க்குரி ‘கோயிலின்’ குவிமாடம் 21 மீட்டருக்கு மேல் அகலம், ரோம் நகரில் இன்றுள்ள பெரிய குவிமாடக் கட்டடமான பாந்தியனைவிடப் பழையது. உள்ளே தண்ணீர் நிற்கும், மெல்லப் பேசினாலே எதிரொலிக்கும்.

பாயாவின் கடலில் மூழ்கிய பகுதியைக் கண்ணாடித் தளப் படகிலிருந்து பார்க்கலாம். சுமார் 5 மீட்டர் ஆழத்தில் நிற்கும் சிலைகள் நகல்கள், அசல் மேலே கோட்டை அருங்காட்சியகத்தில். முந்தின நாள் மழையோ காற்றோ இருந்தால் தண்ணீர் கலங்கி ஒன்றும் தெரியாது, அப்போது படகுக்குப் பணம் கட்டாதீர்கள், அருங்காட்சியகத்துக்குப் போங்கள்.

விடுமுறை நாள் இடத்துக்கு இடம் மாறும். வழக்கமாக ஆம்பிதியேட்டருக்குச் செவ்வாய், பாயாவுக்குத் திங்கள். புதன் முதல் வெள்ளிக்குள் வைத்துக்கொண்டால் இரண்டும் திறந்திருக்கும். அக்டோபரில் சீக்கிரம் இருட்டுவதால் நுழைவும் சீக்கிரமே முடிந்துவிடும், மதியம் 2 மணிக்குள் பாயாவில் இருக்கப் பாருங்கள்.

நிலநடுக்கம் அடிக்கடி உண்டு. 2025 மார்ச்சில் 4.6 அளவில் ஒன்று வந்தது. கொஞ்சம் பலமாக ஆடினால் சோதனைக்காக இடங்களை மூடுவார்கள், ரயிலும் நிற்கும். அதனால் பொட்சுவோலியை மூன்றாம் நாளுக்குத் தள்ளிவைக்காதீர்கள். முதல் நாளே போங்கள், மூடியிருந்தால் அன்றைக்குப் பொம்பெயி போய்விடலாம். பொம்பெயி டிக்கெட்டைத் தேதி போட்டு முன்கூட்டியே வாங்கிவிட்டீர்களென்றால் இந்த மாற்றுவழி அடைபட்டுவிடும்.

அன்புடன்