பிறகு நகர்த்தப்போகும் ஷெட்டுக்கு என்ன தளம் போடுவது?

கேள்வி: டொராண்டோ பக்கம் இருக்கிறோம். களிமண் நிலம். வீட்டுக்குப் பின்னால் 8க்கு 12 அடியில் ஒரு ஷெட் கட்டி, குளிர்காலத்திலும் சின்ன ஹீட்டர் வைத்து மரவேலை செய்ய ஆசை. சில வருடங்களில் அதை வேறு மூலைக்கு நகர்த்த வேண்டியிருக்கும். தளத்தை எப்படி அமைக்கலாம்?

பதில்: நகர்த்தத்தான் போகிறீர்கள் என்றால் கான்கிரீட் வேண்டாம். உங்கள் பகுதியில் குளிர் சுமார் 4 அடி ஆழம் வரை மண்ணை உறையவைக்கும் என்று வைத்துத்தான் அஸ்திவாரம் போடுகிறார்கள். களிமண்ணில் இருக்கும் ஈரம் உறையும்போது நிலம் மேலே எழும்பும். அதற்கு ஈடுகொடுக்க ஒன்று 4 அடி தோண்ட வேண்டும், இல்லை மண்ணோடு சேர்ந்தே ஏறி இறங்கும் தளம் வேண்டும். உங்களுக்கு இரண்டாவதுதான் சரி.

மேல்மண்ணை எடுத்துவிட்டு, ஜியோடெக்ஸ்டைல் துணி (தண்ணீரை விட்டு, மண்ணும் ஜல்லியும் கலக்காமல் பிரித்துவைக்கும் துணி) விரித்து, தூள் கலக்காத முக்கால் அங்குல ஜல்லியை 6 அங்குலம் கொட்டி இறுக்குங்கள். ஷெட்டைவிட நாலு பக்கமும் ஒரு அடி அதிகம் இருக்கட்டும். தூள் இல்லாத ஜல்லியில் ஈரம் மேலேறாது, தண்ணீரும் நிற்காது. ஜல்லிப் படுகை சுற்றியுள்ள நிலத்தைவிடக் கொஞ்சம் உயரமாக இருப்பது முக்கியம். பள்ளத்தில் வைத்தால் பனி உருகும் தண்ணீர் எல்லாம் அங்கேதான் வந்து சேரும்.

அதன்மேல் நீளவாட்டில் மூன்று 6க்கு 6 அங்குலக் கட்டைகள். மண்ணைத் தொடும் இடத்துக்கென்றே மருந்தேற்றிய மரமா என்று கேட்டு வாங்குங்கள். முனைகளின் அடிப்பக்கத்தைச் சாய்வாக அறுத்துவிட்டால் இழுக்கும்போது ஜல்லியைக் குத்தாது. மூன்றையும் இரு முனையிலும் குறுக்குக் கட்டையால் பிணைத்துவிடுங்கள். சங்கிலியை எப்போதும் இரு ஓரக் கட்டைகளிலும் சேர்த்து மாட்டி இழுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் சட்டம் கோணிவிடும். மருந்திலுள்ள செம்பு சாதாரண ஆணியை அரித்துவிடும் என்பதால் சூடாகத் துத்தநாகம் பூசிய ஆணி, ஸ்க்ரூதான் வேண்டும்.

இனி தரை. 2க்கு 6 அங்குல மரத்தை 16 அங்குல இடைவெளியில் வைத்துச் சட்டம் அடியுங்கள். சட்டம் கவிழ்ந்து கிடக்கும்போதே அடிப்பக்கம் முழுக்க கால் அங்குலக் கம்பிவலை அடித்துவிடுங்கள், பிறகு நாலு பேர் சேர்ந்து திருப்பிக் கட்டைகளின்மேல் வைக்கலாம். இந்த வலையை விட்டுவிடாதீர்கள். குளிரைத் தடுக்கத் தரைக்குள் வைக்கப்போகும் ஃபோமைக் கொறித்துக் கூடு கட்டுவது எலிக்கு மிகச் சுலபம். ஷெட் எழுந்தபின் அடியில் புகுந்து வலை அடிக்கவும் முடியாது.

2க்கு 6 மரத்தின் உண்மையான உயரம் ஐந்தரை அங்குலம். மரங்களின் உள்பக்கங்களில், அடியோடு ஒட்டி, 2க்கு 2 அங்குலச் சிறு கட்டை அடித்தால் அது ஒன்றரை அங்குலத்தை எடுத்துக்கொள்ளும். மீதி 4 அங்குலத்தில் 2 அங்குல எக்ஸ்பிஎஸ் (கெட்டியான பாலிஸ்டைரீன்) ஃபோம் பலகை இரண்டு கச்சிதமாக உட்காரும். ஏறத்தாழ ஆர்-20 கிடைக்கும் (ஆர் என்பது வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் திறனின் அளவு). பலகையைக் கால் அங்குலம் குறைவாக அறுத்து, சுற்றியுள்ள இடுக்கை ஸ்ப்ரே ஃபோமால் நிரப்புங்கள். காற்று நுழைந்தால் எத்தனை அங்குல ஃபோம் இருந்தும் கால் சில்லிடும். ஸ்ப்ரே ஃபோம் பலகையை மரத்தோடு ஒட்டியும் வைக்கும், நகர்த்தும்போது ஆடாது. கண்ணாடிப் பஞ்சு இந்த இடத்துக்கு ஆகாது. ஈரம் பட்டால் தொங்கிவிடும்.

மேலே, ஒன்றின் நாக்கு அடுத்ததன் பள்ளத்தில் பொருந்தும் முக்கால் அங்குலப் பிளைவுட், பசையும் ஸ்க்ரூவும் சேர்த்து. சட்டத்தின் அடிப்பக்கத்தில் பாலிதீன் விரிக்கவே விரிக்காதீர்கள். குளிர்நாட்டில் ஈரம் வெதுவெதுப்பான மேல்பக்கத்திலிருந்து கீழே போகும், அது வெளியேற வழி வேண்டும்.

ஒவ்வொரு வசந்தத்திலும் மட்டம் பாருங்கள். ஒரு மூலை இறங்கியிருந்தால் ஜாக்கி வைத்துத் தூக்கி ஜல்லி சேர்த்தால் போதும்.

வேலையைத் தொடங்கும் முன் நகராட்சிக் கட்டட அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஒன்டாரியோவில் 15 சதுர மீட்டர் வரையிலான ஷெட்டுக்கு அனுமதி தேவையில்லை என்ற விலக்கு, பொருள் வைக்க மட்டும் பயன்படும் ஷெட்டுக்கானது. உங்களுடையது 9 சதுர மீட்டருக்கும் குறைவுதான். ஆனால் ஹீட்டர் வைத்து உள்ளே வேலை செய்யப்போவதைச் சொல்லியே கேளுங்கள். எல்லைவேலியிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்பதை இப்போதைய இடத்துக்கும் பிறகு நகர்த்தப்போகும் மூலைக்கும் சேர்த்தே விசாரித்துக்கொள்ளுங்கள்.